வாக்கியமா, திருக்கணிதமா? குழந்தைக்கு ஜாதகம் எழுதும் முன்

அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது வைகாசி நடுவில், வளர்பிறை அஷ்டமி அன்று. பெயர் வைக்க நாள் பார்ப்பதற்குள் வீட்டுக்கு இரண்டு ஜாதகம் வந்துவிட்டது. ஒன்று எங்கள் குடும்ப ஜோசியர் மஞ்சள் தடவிய நோட்டில் கையால் எழுதியது. இன்னொன்று மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் போட்டு எடுத்த இருபது பக்க பிரிண்ட். அன்று இரவே அக்கா போன் செய்தாள். "ஏன்டா தம்பி, பிள்ளை மகமா, பூரமா? நோட்டுல மகம் நாலாம் பாதம்னு இருக்கு, பேப்பர்ல பூரம் ஒண்ணாம் பாதம்னு இருக்கு. மேகலான்னு வைக்கவா, மோகனான்னு வைக்கவா?"

நட்சத்திரத்தின் ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. மகத்துக்கு ம, மி, மு, மே. பூரத்துக்கு மோ, ட, டி, டு. ஆகவே மகம் நாலு என்றால் 'மே', பூரம் ஒன்று என்றால் 'மோ'. அக்கா கேட்டதில் தப்பில்லை.

இரண்டு பேரும் கணக்கில் பிசகவில்லை. ஜோசியர் பார்த்தது பழைய மனப்பாடக் கணக்கில் ஓடும் வாக்கியப் பஞ்சாங்கம், கம்ப்யூட்டர் போட்டது கண்ணால் பார்க்கும் வானத்தோடு ஒத்துப்போகும் திருக்கணிதம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் வீட்டுக்கு ஒரு ஜாதகம்தான் வேண்டும், அதனால் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஜோதிடம் பலிக்குமா, பலிக்காதா என்பது வேறு சண்டை, அதில் நான் இறங்கவில்லை. எழுதுவது என்று முடிவானபின் எதை வைத்து எழுதுவது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

முதலில் நட்சத்திரம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். வானத்தில் சந்திரன் ஓடும் 360 பாகை வட்டத்தை 27 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை). பிறந்த நேரத்தில் சந்திரன் எந்தப் பங்கில் நின்றதோ அதுதான் ஜென்ம நட்சத்திரம். அந்தப் பங்கை நாலாக வெட்டினால் 3 பாகை 20 கலை, அது ஒரு பாதம். அதே வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் 30 பாகைக்கு ஒரு ராசி. திதி என்பது சந்திரன் சூரியனைவிட எவ்வளவு தூரம் முன்னே போயிருக்கிறது என்ற கணக்கு, 12 பாகைக்கு ஒரு திதி. கரணம் அதில் பாதி. யோகம் இரண்டு பேரின் இருப்பையும் கூட்டி 13 பாகை 20 கலையால் வகுத்து வருவது. கிழமையையும் சேர்த்தால் இந்த ஐந்தும்தான் பஞ்சாங்கத்தின் 'பஞ்ச அங்கம்'. பெயர்கள் எல்லாம் சமஸ்கிருதத்தில் கனமாக இருந்தாலும் உள்ளே இருப்பது 'சூரியன் எங்கே, சந்திரன் எங்கே' என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்விக்கு இரண்டு பஞ்சாங்கமும் இரண்டு பதில் சொல்கின்றன.

வாக்கியம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதே அழகான கதை. சந்திரன் ஒவ்வொரு நாளும் எத்தனை பாகை நகர்கிறான் என்பதை 248 நாளுக்கு 248 சிறு வாக்கியங்களாக மனப்பாடம் செய்து வைத்தார்கள். வரருசி இயற்றியவை என்று மரபு சொல்கிறது. முதல் வாக்கியம் 'கீர்ந ச்ரேய'. வடமொழி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைக்கும் கடபயாதி முறையில் இதைப் பிரித்தால் 3, 0, 2, 1. பின்னாலிருந்து படித்தால் 12 பாகை 03 கலை. முதல் நாள் சந்திரன் நகர்ந்த தூரம் அது. அடுத்தது 'தேநவ ஸ்ரீ', அதாவது இரண்டு நாளும் சேர்த்து 24 பாகை 09 கலை. 248 நாள் ஏன் என்றால், சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, விலகி, மறுபடி அருகில் வர ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகும். அப்படி ஒன்பது சுற்று முடிந்தால் கிட்டத்தட்ட சரியாக 248 நாள். அதன்பிறகு அதே வாக்கியங்கள் திரும்பவும் பொருந்தும். ஏடும் வேண்டாம், எழுத்தாணியும் வேண்டாம், நினைவு இருந்தால் போதும்.

இது எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஜான் வாரன் என்ற அதிகாரி 1825-ல் சென்னையில் 'கால சங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழர், சிப்பிகளைத் தரையில் வைத்துக்கொண்டு, மனப்பாட வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி அவற்றை நகர்த்தியே, 1825 மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிவு செய்திருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் பிசகு வெறும் 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். அந்த மனிதருக்கு வானியல் தத்துவம் எதுவும் தெரியாது என்றும் வாரன் சேர்த்துக்கொண்டார். தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. கால்குலேட்டரைத் தட்டும் நம்மில் எத்தனை பேருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்?

சரி, கிரகணத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் முறை எங்கள் வீட்டுப் பிள்ளையின் நட்சத்திரத்தில் ஏன் தடுமாறியது? விடை 'அஷ்டமி' என்ற சொல்லில் இருக்கிறது. சந்திரனைப் பூமி மட்டும் இழுப்பதில்லை, சூரியனும் சேர்ந்து இழுக்கிறது. அதனால் சந்திரனின் ஓட்டத்தில் பல சிறு ஏற்ற இறக்கங்கள் உண்டு. பழைய கணக்கில், சந்திரன் பூமிக்கு அருகில் வந்து விலகுவதால் வரும் பெரிய ஏற்ற இறக்கம் ஒன்று மட்டுமே இருக்கிறது. அந்த ஒன்றின் அளவைக் கிரகணங்களைப் பார்த்துச் சரிசெய்து வைத்திருந்தார்கள். கிரகணம் வருவது அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான். ஆகவே அந்த இரண்டு நாளில் வாக்கியம் நன்றாகவே பொருந்தும். அரை நிலா நாளில், அதாவது அஷ்டமியை ஒட்டி, விடுபட்டுப்போன இழுவையெல்லாம் சேர்ந்து இரண்டரை பாகை வரை வித்தியாசம் காட்டலாம். சந்திரன் ஒரு மணி நேரத்தில் அரை பாகைக்குச் சற்று மேலே நகர்வான் என்றால் இரண்டரை பாகை என்பது நாலரை, ஐந்து மணி நேரம். நாழிகைக் கணக்கில் (ஒரு நாழிகை 24 நிமிடம்) பதினொன்று, பன்னிரண்டு.

ஆக, 'வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. பௌர்ணமியில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு ஜாதகமும் பெரும்பாலும் ஒரே நட்சத்திரம் காட்டும். அஷ்டமியை ஒட்டிப் பிறந்த பிள்ளைக்குத்தான் அக்கா போன் செய்ய வேண்டி வரும்.

வாக்கியத்தை ஆதரிப்பவர்களிடம் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. 'பாண விருத்தி, ரஸ க்ஷயம்' என்று ஒரு சொல்வழக்கு. பாணம் என்றால் மன்மதனின் ஐந்து அம்பு, ரஸம் என்றால் ஆறு சுவை. ஒரு திதி 60 நாழிகைக்கு மேல் 5 நாழிகை வரை வளரும், 6 நாழிகை வரை குறையும் என்று அர்த்தம். சிராத்தம், விரதம் எந்த நாளில் என்று முடிவுசெய்யும் தர்மசாஸ்திர விதிகள் இந்த எல்லைக்குள் திதி அடங்கும் என்ற கணக்கில் எழுதப்பட்டவை என்பது அவர்கள் பக்கம். திருக்கணிதத்தில் திதி 7 நாழிகை வளரும், 10 நாழிகை குறையும். எல்லை மாறினால் விதியும் தடுமாறும் என்கிறார்கள். வழிபாட்டைப் பொறுத்தவரை இதை நான் ஒப்புக்கொள்கிறேன். அப்பாவின் திதியை எந்த நாளில் கொடுப்பது என்பது வானத்தை அளக்கும் வேலை அல்ல, ஒரு குலம் தன் வழக்கத்தைக் காப்பாற்றும் வேலை. அதில் போய்த் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

திருக்கணிதம் என்றால் 'த்ருக்' கணிதம். த்ருக் என்பது பார்வை. கண்ணால் பார்க்கும் வானத்தோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்ற பிடிவாதம் அது. இது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுச் சரக்கு என்று சிலர் சொல்வதுண்டு. பாதி உண்மை. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரி, 1867-ல் ஒளி மாறும் ஒரு விண்மீனைக் கண்டறிந்தவர். 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது மக்களுக்கு விளக்கிச் சிறு நூல் எழுதியவர். அவர்தான் இங்கே த்ருக் கணிதப் பஞ்சாங்கத்தை அச்சிட்டு வெளியிட்டார். கையில் தொலைநோக்கி இருந்தது, முன்னால் பஞ்சாங்கமும் இருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பது ராத்திரி ராத்திரி தெரிந்த மனிதரால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆனால் கணக்கை வானத்தோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே இங்கே இருந்தது. வரருசியின் வாக்கியங்களையே பிற்காலத்தில் கேரளத்துச் சங்கமகிராம மாதவன் திருத்தி நுட்பமாக்கினார். மரபு என்பது திருத்தக் கூடாதது என்று மரபே சொல்லவில்லை.

திருக்கணிதத்துக்குள் போனால் இன்னொரு தேர்வு காத்திருக்கும். அயனாம்சம். மென்பொருளில் இந்தச் சொல்லுக்கு எதிரே லாகிரி, ராமன், கேபி என்று ஒரு பட்டியல் விரியும். பலர் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

சூரியன் வடக்கு நோக்கி நிலநடுக்கோட்டைக் கடக்கும் புள்ளி, விண்மீன்களின் பின்னணியில் வருஷத்துக்கு 50 விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை) அளவு பின்னால் நழுவுகிறது. 72 வருஷத்துக்கு ஒரு பாகை. மேற்கத்திய ஜோதிடம் அந்த நழுவும் புள்ளியிலிருந்து மேஷத்தைத் தொடங்கும், அது சாயனம். நம்முடையது விண்மீன்களோடு ஒட்டி நிற்பது, நிராயனம். இரண்டுக்கும் நடுவில் இன்று இருக்கும் இடைவெளிதான் அயனாம்சம், 24 பாகைக்குச் சற்று மேல். ஆங்கிலப் பத்திரிகை மார்ச் 21-லேயே மேஷம் பிறந்துவிட்டது என்று சொல்ல, நாம் சித்திரை ஒன்று வரை காத்திருப்பது இதனால்தான்.

தகராறு எங்கே என்றால், இரண்டும் ஒன்றாக இருந்த வருஷம் எது என்பதில். மேகநாத சாஹா தலைமையில் 1952-ல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, சித்திரை விண்மீனைச் சரியாக 180 பாகையில் நிறுத்தும் கணக்கை எடுத்துக்கொண்டது. அந்தக் குழுவின் செயலாளர் என்.சி. லாகிரி, அதனால் லாகிரி அயனாம்சம். 1956 மார்ச் 21-ல் அது 23 பாகை 15 கலை என்று வைத்தார்கள். அதன்படி இரண்டும் ஒன்றாக இருந்தது கி.பி. 285-ல். பி.வி. ராமன் 397 என்றார். அதனால் அவர் கணக்கு லாகிரியைவிட ஏறக்குறைய ஒன்றரை பாகை குறையும். திருவையாற்றில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி தம் பெயரில் உண்டாக்கிய பத்ததியின், அதாவது கேபியின், அயனாம்சம் லாகிரிக்கு வெறும் 6 கலை பக்கத்தில் நிற்கிறது.

இந்தப் பாகை, கலையெல்லாம் வாழ்க்கையில் எங்கே வந்து நிற்கும் என்றால், தசையில். ஆயுளில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒதுக்கிய காலம்தான் தசை.

விம்சோத்தரி தசை மொத்தம் 120 வருஷம். கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இவர்களில் ஒருவர் அதிபதி. பிறக்கும்போது சந்திரன் நட்சத்திரத்தில் ஏற்கெனவே கடந்த பங்கைக் கழித்து, மிச்சத்தைத்தான் பிள்ளை அனுபவிக்கும். அந்தக் கழிவுக்குப் பெயர் கர்ப்பச் செல். 'கர்ப்பச் செல் போக இருப்பு' என்று ஜாதகத்தில் ஒரு வரி இருக்குமே, அதுதான்.

எங்கள் பிள்ளையின் கணக்கைக் கொஞ்சம் முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். வாக்கியத்தில் சந்திரன் சிம்மத்தில் 12 பாகை 20 கலை. மகம் முடிய இன்னும் ஒரு பாகை. கேதுவின் 7 வருஷத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு போல மிச்சம், அதாவது இருப்பு 6 மாதம் 9 நாள். திருக்கணிதத்தில் சந்திரன் 14 பாகை 40 கலை. பூரத்தில் பத்தில் ஒரு பங்கு கடந்தாயிற்று. சுக்கிரனின் 20 வருஷத்தில் 2 போக இருப்பு 18.

கேட்டதும் தலை சுற்றும். ஒன்றில் கேது, மற்றதில் சுக்கிரன்! ஆனால் நிதானமாகப் பாருங்கள். நோட்டின்படி சுக்கிர தசை முடிவது இருபதரை வயதில். பிரிண்டின்படி பதினெட்டில். இரண்டரை வருஷ நகர்வு, அவ்வளவுதான். ராகு தசை ஒன்றில் நாற்பத்து மூன்றரையில் தொடங்கும், மற்றதில் நாற்பத்தொன்றில். வரிசையும் மாறாது, நீளமும் மாறாது. முழு வண்டியும் இரண்டரை வருஷம் முன்னே பின்னே நகர்ந்து நிற்கிறது. இதைப் புரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும்.

இதே அளவுகோலில் அயனாம்சத்தையும் வைத்துப் பார்க்கலாம். பூரத்தில் பிறந்தவருக்கு ஒரு பாகை என்பது ஒன்றரை வருஷம், ஒரு கலை என்பது சுமார் 9 நாள். லாகிரிக்கும் கேபிக்கும் 6 கலை என்றால் 55 நாள். லாகிரிக்கும் ராமனுக்கும் என்றால் இரண்டு வருஷத்துக்கு மேல். முதல் வித்தியாசத்துக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது கவனிக்க வேண்டியது.

தசை நகர்ந்தது போகட்டும், கல்யாணப் பொருத்தத்தில் நட்சத்திரத்தின் பெயர்தானே பேசும்? ஆமாம், அங்கேதான் உண்மையான சிக்கல். மகம் ராட்சச கணம், பூரம் மனுஷ கணம். மகம் பாத ரஜ்ஜு, பூரம் தொடை ரஜ்ஜு. 2 பாகை 20 கலை வானத்தில் ஒரு நூலிழை, ஆனால் பொருத்தப் பட்டியலில் அது இரண்டு வரியைப் புரட்டிப்போடும். செவ்வாய் தோஷமும் இப்படித்தான். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12-ல் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். கிரகம் ராசியின் விளிம்பில் நின்றால் ஒரு பஞ்சாங்கத்தில் தோஷம் இருக்கும், மற்றதில் இருக்காது. எனக்குத் தெரிந்த வீடுகளில், கேட்டையும் மூலமும் சந்திக்கும் இடத்தில் பெண் பிறந்தால் மூலம் வராத பஞ்சாங்கத்தைத் தேடிப் போகிறார்கள். ஆண் பிறந்தால் 'ஆண் மூலம் அரசாளும்' என்று அதே மூலத்தைத் தேடிப் போகிறார்கள். இதற்குப் பெயர் கணிதம் அல்ல.

இந்த மாதிரி விளிம்பைவிடப் பெரிய இடைவெளி சனியில் இருக்கிறது. 2023 ஜனவரி 17-ல் சனி கும்பத்துக்குப் போய்விட்டதாகத் திருக்கணிதம் சொன்னது. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20-ல், வாக்கியப்படி. பதினோரு மாத இடைவெளி. 2025 மார்ச் 29-ல் மீனத்துக்குப் பெயர்ச்சி என்று டிவியும் யூடியூபும் அலறியபோது, அன்றைக்குப் பெயர்ச்சி இல்லை, வாக்கியப்படி 2026 மார்ச் 6-ல்தான் என்று கோயில் தரப்பே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. வாக்கியம் சனியை மீனத்தின் வாசலில் நிறுத்தும் அந்த நாளில், லாகிரி கணக்குப்படி சனி மீனத்துக்குள் எட்டு பாகை போயிருக்கும். இதை அயனாம்ச வேறுபாடு என்று சமாதானம் சொல்ல முடியாது. பழைய அட்டவணையை வானத்தோடு ஒத்துப்பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது என்பதுதான் காரணம். இந்தப் பதினோரு மாதங்களுக்குள் பிறக்கும் பிள்ளைக்கு இரண்டு ஜாதகத்திலும் சனி இரண்டு வேறு ராசியில் இருக்கும். ஏழரைச் சனி எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதும் அதே அளவு நகரும்.

ஜாதகம் என்றால் பிறந்த நேரத்தில் கிரகம் எங்கே நின்றது என்பதற்கான குறிப்பு. நின்ற இடத்தைச் சொல்வதாக இருந்தால், நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும். அதனால் ஜாதகத்துக்கு என் கை திருக்கணிதத்தின் பக்கம்தான். அதில் லாகிரி. லாகிரிதான் ஒரே உண்மை என்பதால் அல்ல. இந்தியாவில் அரசு வெளியிடும் ராஷ்டிரிய பஞ்சாங்கமும் பெரும்பாலான மென்பொருள்களும் அதில்தான் ஓடுகின்றன. இருபத்தைந்து வருஷம் கழித்து இன்னொரு வீட்டு ஜாதகத்தோடு ஒப்பிடும்போது அதுதான் எதிரே வந்து நிற்கும். கேபி பார்க்கிற ஜோசியரிடம் போனால் அவரே தனக்கு வேண்டியபடி போட்டுக்கொள்வார். அவருக்கு வேண்டியது பிறந்த நேரமும் ஊரும் மட்டும்தான்.

பிறந்த நேரம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. மக்கள் வாக்கியமா திருக்கணிதமா என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள், மருத்துவமனைச் சீட்டில் 'காலை 6.30' என்று முழுசாக இருப்பதைக் கேள்வி கேட்க மாட்டார்கள். லக்னம், அதாவது கிழக்கில் எழும் புள்ளி, 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். ராசியை ஒன்பதாக வெட்டிப் பார்க்கும் நவாம்சத்தில் லக்னம் ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒரு முறை மாறிவிடும். லாகிரிக்கும் கேபிக்கும் உள்ள 6 கலை வித்தியாசம் லக்னத்தில் 24 விநாடிக்குச் சமம். எங்கள் வீட்டிலும் சீட்டில் ஒரு நேரம், பிரசவ அறைக்குள் இருந்த செவிலியர் சொன்னது ஒரு நேரம், வெளியே நின்ற மாப்பிள்ளை செல்போனில் பார்த்தது ஒரு நேரம். முதலுக்கும் கடைசிக்கும் 11 நிமிடம். எந்தப் பஞ்சாங்கமும் அந்த 11 நிமிடத்தைச் சரிசெய்து தராது.

பழைய ஜாதகத்தைப் புதிதாகக் கணிக்கிறவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, உலகப்போருக்காக இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். இலங்கையில் 1996 மே மாதம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அதே அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். அந்தப் பத்து வருஷத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே ஓடின. அப்போது பிறந்தவருக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரி, எந்தக் கடிகாரம் என்று கேட்காமல் ஜாதகம் போட்டால் லக்னமே தப்பாகிவிடும். யாழ்ப்பாணத்தில் கொக்குவில் வாக்கியப் பஞ்சாங்கமும் மட்டுவில் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வருஷப்பிறப்புக்கே வேறு வேறு நேரம் கொடுப்பது எல்லோரும் அறிந்ததுதான். அங்கே இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது.

அப்புறம், கிழமை. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும். செவ்வாய்க்கிழமை விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த பிள்ளை ஜாதகத்தில் திங்கள்கிழமைப் பிள்ளை. இதில் இரண்டு பஞ்சாங்கமும் ஒரே கட்சி. பிரிண்டில் கிழமை தப்பாக வந்திருக்கிறது என்று சிலர் கோபப்படுவது இதனால்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பரவாயில்லை, கலக்கக் கூடாது. இதை மட்டும் கொஞ்சம் குரல் உயர்த்தியே சொல்வேன். பெண்ணின் ஜாதகம் வாக்கியத்தில், மாப்பிள்ளையின் ஜாதகம் திருக்கணிதத்தில், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்தம் பார்ப்பது இன்று தினமும் நடக்கிறது. தசா சந்தி என்று ஒரு கணக்கு உண்டு. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தசை மாறினால் அந்த ஜோடியைத் தவிர்ப்பார்கள். எங்கள் பிள்ளையின் கணக்கில் பார்த்தபடி, முறை மாறினாலே இரண்டரை வருஷம் நகரும். அப்படியென்றால் இல்லாத சந்தி இருப்பதாகவும், இருக்கும் சந்தி இல்லாததாகவும் தெரியும். நல்ல சம்பந்தம் இப்படிக் கைநழுவிப் போனதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னது கிரகம் அல்ல, இரண்டு அச்சகங்களுக்கு நடுவில் இருந்த வித்தியாசம். வரன் பார்க்கும்போது இரண்டு பேரின் பிறந்த தேதி, நேரம், ஊரை வாங்கி, ஒரே முறையில் புதிதாகப் போட்டுவிட்டுப் பேசுங்கள். பத்து நிமிட வேலை.

வாக்கியத்திலேயே எழுதியே தீருவேன் என்பவர்களுக்கும் காரணம் இருக்கலாம். தலைமுறையாக ஒரே ஜோசியர் குடும்பம், வீட்டில் எல்லோரின் ஜாதகமும் அந்த முறையில், அவர் பலன் சொல்வதும் அந்த முறையைக் கையாண்ட அனுபவத்தில். அங்கே போய்த் திருக்கணிதக் கட்டத்தை நீட்டினால் அவருக்கும் பயன் இல்லை, உங்களுக்கும் இல்லை. அவரிடமே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் பக்கத்தில் 'வாக்கியம்' என்று எழுதச் சொல்லுங்கள். பல நோட்டுகளில் அந்த ஒரு சொல் இருக்காது.

கோயில் காரியம், விரதம், திதி எல்லாம் அந்தந்தக் கோயிலும் குடும்பமும் எதைப் பார்க்கிறதோ அதன்படி. தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரும்பாலும் வாக்கியம்தான். பாம்புப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு குருக்கள் நாள் சொன்னால், 'செல்போனில் வேறு நட்சத்திரம் காட்டுகிறதே' என்று அவரிடம் வாதாட எனக்கு மனசு வராது.

அக்காவிடம் இவ்வளவையும் போனில் சொன்னேன். "சரி, அப்ப மோகனாதான்" என்றாள். மறுநாள் அவளே குடும்ப ஜோசியரிடம் போய்ப் பிரிண்டைக் காட்டியிருக்கிறாள். அவர் கோபப்படவில்லையாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "அஷ்டமிப் பிள்ளை, அப்படித்தான் வரும்" என்றாராம். பிறகு நோட்டை வாங்கி, மகம் கட்டத்தை அடிக்காமல், அடுத்த பக்கத்தில் பூரத்துக் கட்டத்தையும் வரைந்து, தலைப்பில் 'திருக்கணிதம், லாகிரி, பிறந்த நேரம் செவிலியர் சொன்னபடி' என்று எழுதிக் கொடுத்தார். போன மாதம் ஊர் அம்மன் கோயிலில் பிள்ளை பெயருக்கு அர்ச்சனை. குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது, அக்கா பூரம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், பக்கத்தில் நின்ற மாமியார் முந்திக்கொண்டு சொன்னார்: "மகம் நட்சத்திரம், சிம்ம ராசி, மேகலா." ராசியில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை.